கேமராவில் டிஜிட்டல் ஷிஃப்ட்: எங்கே உதவியது, எங்கே கெடுத்தது?

ஓசூர், ரப்பர் உதிரிபாகம்:
எங்கள் லைனில் கறுப்பு ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) கேமரா வைத்துப் பரிசோதிக்கிறோம். கன்வேயர் நொடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது, ஒரு பிக்சல் 0.1 மில்லிமீட்டர். எக்ஸ்போஷர் (ஒரு படத்துக்கு ஒளி வாங்கும் நேரம்) 150 மைக்ரோ நொடி என்றால் ரிங் நகர்வது 0.075 மில்லிமீட்டர், பரவாயில்லை. 300 வைத்தால் ஒரு பிக்சலைத் தாண்டிவிடும், ஓரம் கலங்கிவிடும். லென்ஸ் துளையை அகலமாகத் திறந்தால் ஃபோகஸ் ஆழம் போச்சு. கெயினும் (சிக்னலைப் பெருக்கும் அமைப்பு) உச்சத்தில். அப்படியும் படம் இருட்டு: 0 முதல் 255 வரையிலான பிரகாச அளவில் பெல்ட்டே 60-ஐத் தாண்டவில்லை, ரிங் 14 முதல் 17-க்குள் முடங்கிக் கிடந்தது.

பாஸ்லர் கேமராவில் டிஜிட்டல் ஷிஃப்ட்டை 2 வைத்தோம். உள்ளே 12 பிட்டில் அளந்துவிட்டு, 8 பிட் படமாக அனுப்பும்போது கேமரா கடைசி 4 பிட்டை உதறிவிடும். ஷிஃப்ட் 2 என்றால் மேலே காலியாகக் கிடக்கும் 2 பிட்டை விட்டுவிட்டு, உதறப்போன 2 பிட்டைச் சேர்த்து அனுப்பும். மதிப்பு நான்கு மடங்கு. பெல்ட் 240, ரிங் 56 முதல் 71 வரை.

இதையே மென்பொருளில் நான்கால் பெருக்கிப் பார்த்தோம்: 56, 60, 64, 68 மட்டும்தான் வந்தன, ஹிஸ்டோகிராம் (எந்த மதிப்பில் எத்தனை பிக்சல் என்ற வரைபடம்) பல் உதிர்ந்த சீப்பு. ஷிஃப்ட்டில் இடையில் உள்ள எண்களும் வந்தன. ஓரத்துப் பிசிறு தெரிந்தது அதனால்தான்.

கோவை, பம்ப் பாகங்கள்:
உங்களுக்கு ரப்பர், தப்பித்தீர்கள் சார். எங்களுடையது கடைந்த ஸ்டீல் ஷாஃப்ட். ஷிஃப்ட் 1 (இரு மடங்கு) போட்டால் 128-ம் அதற்கு மேலும் இருப்பதெல்லாம் 255-இல் போய் ஒட்டிக்கொள்ளும். பளபளக்கும் பகுதியில் இருந்த கீறல் அப்படியே மறைந்தது. கீறலோடு ஷாஃப்ட் பாஸ் ஆகிக்கொண்டிருந்தது. படம் கண்ணுக்கு முன்பைவிட அழகாகத்தான் இருந்தது, அதுதான் ஆபத்து. எல்லாப் பக்கமும் சீராக ஒளி பரப்பும் டோம் லைட் மாட்டினோம், ஷிஃப்ட் மறுபடி 0.

அப்புறம், மங்கலுக்குக் காரணம் பல நேரம் கேமராவே இல்லை. ஹவுசிங் கண்ணாடியில் கூலன்ட் எண்ணெய் படிந்திருக்கும். துடைக்காமல் ஷிஃப்ட்டை ஏற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன சொல்ல!

ஸ்ரீபெரும்புதூர், பேக்கிங் லைன்:
ஒரு சந்தேகம் அண்ணா. 6 டெசிபல் கெயினும் இரு மடங்குதானே, ஷிஃப்ட் எதற்கு?

ஓசூர்:
பிரகாசம் கிட்டத்தட்ட ஒன்றுதான் தம்பி. ஆனால் அனலாக் கெயின், எண்ணாக மாறுவதற்கு முன்பே சிக்னலை ஏற்றுகிறது. அதில் இடம் இருந்தால் முதலில் அதையே பயன்படுத்துங்கள். சில கேமராக்களில் ஒரு அளவுக்கு மேல் கெயினும் டிஜிட்டல்தான், மேனுவலைப் பாருங்கள். எப்படி ஏற்றினாலும் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். புதிதாக வெளிச்சம் எதுவும் உள்ளே வருவதில்லை. எங்களுக்கே கண நேரம் பலமாக மின்னும் ஸ்ட்ரோப் லைட்டுக்கு அனுமதி கிடைத்திருந்தால் ஷிஃப்ட் பக்கமே போயிருக்க மாட்டோம்.

இன்னொன்று: மாற்றியதை யூசர் செட்டில் (கேமராவுக்குள் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) சேமித்து, பவர் போட்டதும் அதுவே ஏறும்படி வையுங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் ஷிஃப்ட் 0-வுக்குத் திரும்பிவிடும், நல்ல பாகமெல்லாம் ரிஜெக்ட் பெட்டியில் விழும்.