புதுப்பிப்பு: "நான் மக்கு" என்ற மகன், எட்டு வாரம் கழித்து

அக்காவோடு தன்னை ஒப்பிட்டு "நான் மக்கு" என்று ஒதுங்கும் ஏழு வயது மகனை விளையாட்டுச் சிகிச்சைக்கு அழைத்துப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போனோம். எட்டு அமர்வுகள் முடிந்தன.

1940களில் அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் வகுத்த முறை. என்ன விளையாடுவது என்பதைக் குழந்தையே முடிவு செய்யும். முதல் மூன்று வாரமும் மணல் தட்டில் ஒரு குட்டிப் பொம்மையைப் புதைத்துக்கொண்டே இருந்தான். எனக்குப் பதறியது. சிகிச்சையாளர் தடுக்கவில்லை, "அதை யாரும் பார்க்கக் கூடாது, இல்ல?" என்று மட்டும் சொன்னாராம். நான்காவது வாரம் அவனே தோண்டி எடுத்தான்.

வீட்டில் "சூப்பர்" என்பதைக் குறைத்து, "கோபுரம் மூணு தடவை விழுந்தும் திரும்பக் கட்டினே" என்று பார்த்ததைச் சொல்கிறேன். (இன்னும் வாய் தவறுகிறது.) வகுப்பில் கை தூக்கத் தயக்கம் அப்படியேதான். ஆனால் நேற்று சதுரங்கத்தில் தோற்றதும் பலகையைக் கவிழ்க்கவில்லை. "இன்னொரு ஆட்டம்?" என்றான்.