மறு: ‘ஊற்றுக்கோப்பி’க்குப் பதிலாகப் ‘புனற்குடுவை’

வணக்கம். கெமெக்ஸ் (Chemex) என்ற கண்ணாடிக் கோப்பிக் கலத்துக்கும், வடிதாளில் தூளிட்டுச் சுடுநீர் ஊற்றி வடிக்கும் கோப்பிக்கும் (pour-over) நீங்கள் அனுப்பிய தமிழ்ச் சொற்பட்டியலில் இப்படி எழுதியிருந்தீர்கள்:

> தூளின் மேல் சுடுநீரை ஊற்றுவதால் ‘ஊற்றுக்கோப்பி’ என்போம். கலத்துக்கு ‘ஊற்றுக்கோப்பிக் கலன்’.

அண்ணா, சென்னையில் இது பொருந்தலாம், யாழ்ப்பாணத்தில் சரிவராது. இங்கே வீட்டுக்கு யார் வந்தாலும் முதற் கேள்வி, “கோப்பி ஊத்தவோ, தேத்தண்ணி ஊத்தவோ?” என்பதுதான். மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த தூளைப் பேணியில் போட்டுக் கலக்கினாலும் அது ஊற்றின கோப்பிதான். ஊற்றுவது என்றாலே எங்களுக்குத் தயாரிப்பது. அந்தச் சொல் ஒரு கோப்பியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டாது.

கலத்தைப் பார்த்தே பெயர் வைக்கலாம். 1941இல் கெமெக்ஸை வடிவமைத்த பீற்றர் ஷ்லும்போம் ஓர் இரசாயனவியலாளர். ஆய்வுகூடத்துப் புனலையும் கூம்புக் குடுவையையும் ஒரே கண்ணாடியாக இணைத்தார். இடுப்பில் இரண்டு மரத்துண்டு, சுற்றிக் கட்ட ஒரு தோல்வார். கை சுடாமல் தூக்க அவ்வளவும் போதும். நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது. தங்கை கனடாவிலிருந்து கொண்டுவந்து தந்தது எங்கள் குசினி யன்னலோரம் நிற்கிறது. வெறுமையாக நின்றாலும் பார்க்க அழகு.

ஆகவே ‘புனற்குடுவை’ என்பது என் முன்மொழிவு. பள்ளிக்கூடத்தில் வடிகட்டல் பரிசோதனை செய்த எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். ‘வடிகுடுவை’யும் நல்ல சொல்தான், ஆனால் காய்ச்சி வடித்தலோடு மயங்கும். ‘மணற்கடிகாரக் குடுவை’ உருவத்தை மட்டுமே சொல்கிறது. கெமெக்ஸ் என்பது வணிகப் பெயராக அப்படியே இருக்கட்டும். இந்த முறையில் வடித்த கோப்பிக்குத் ‘தாள்வடிக் கோப்பி’ எனலாம். துணியில் வடிப்பதும் உலோக வடிகட்டியில் இறங்குவதும் வேறு வேறு என்று அப்போது தெளிவாகும்.

அப்புறம், வாய்ப்பக்கத்துப் பள்ளத்துக்குக் ‘காற்றுப்போக்கித் தடம்’ என்று எழுதியிருந்தீர்கள். அதை விட்டுவிடுங்கள், எங்களிடம் ‘மூக்கு’ இருக்கிறது. மூக்குப்பேணியில், அதாவது மூக்கு வைத்த குடிகலத்தில், தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். வடிதாளைக் கூம்பாக விரித்தால் ஒரு பக்கம் ஒற்றை மடிப்பும் மறுபக்கம் மூன்று மடிப்பும் வரும். முதல் நாள் நான் அதைத் திருப்பி வைத்துவிட்டேன், ஒற்றை மடிப்பு மூக்குப் பக்கம் வந்துவிட்டது. நனைந்த தாள் பள்ளத்துக்குள் இறங்கிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. மேலே தண்ணீர் குளம்போல நின்றது, கீழே ஒரு துளி விழவில்லை. தாளின் ஓரத்தை விரலால் சற்றுத் தூக்கினேன். உள்ளே அடைபட்டிருந்த காற்று வெளியேற, கோப்பி கடகடவென்று இறங்கியது. மூன்று மடிப்புப் பக்கத்தை மூக்கில் வைத்தால் தாள் விறைப்பாக நின்று வழிவிடும். கோப்பி வார்ப்பதும் அதன் வழியே, குடுவை மூச்சுவிடுவதும் அதன் வழியே. இதைவிடப் பொருந்தும் சொல்லை நாங்கள் புதிதாக ஆக்க முடியாது.

கடைசியாக ஒன்று. முதல் நீர் பட்டதும் தூளிலிருந்து காபனீரொட்சைட்டு வெளியேறி, தூள் பொங்கி எழுவதைப் ‘பூப்பு’ என்று பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். பூப்பு என்றால் இங்கே பெண்பிள்ளை சாமத்தியப்படுவது. ‘உப்பல்’ என்று மாற்றிவிடுவோமா? தோசைமா புளித்து உப்புவதைப் பார்த்த எல்லாருக்கும் அது புரியும்.