மறு: காணொளியின் இருட்டுப் பகுதியில் வரும் 'நாய்ஸ்' – 'நொய்' என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

> 'இரைச்சல்' ஏற்கெனவே பாடநூலில் இருக்கிறதே, புதிய சொல் எதற்கு?

ஐயா சொல்வதில் பாதி எனக்கும் உடன்பாடு. குறிகை-இரைச்சல் விகிதம் (சிக்னல்-டு-நாய்ஸ் ரேஷியோ) என்று எழுதுகிற இடத்தில் இரைச்சலைத் தொடவே வேண்டாம். ஆனால் நாம் தமிழாக்கிக்கொண்டிருப்பது காணொளித் தொகுப்பு மென்பொருளின் உதவிப் பக்கங்களை. ஒரே கோப்புக்குள் ஒலியும் படமும் இருக்கின்றன. இரண்டிலும் நாய்ஸ் வரும்: ஒலியில் கரகரப்பு, படத்தில் வேண்டாத துகளும் புள்ளியும். குறைப்பதற்குத் தனித்தனிக் கருவிகள் உண்டு. பட்டியலில் 'இரைச்சல் நீக்கி' என்று பார்ப்பவர், பேட்டியில் பதிவான மின்விசிறிச் சத்தத்தைப் போக்கத்தான் அதைத் திறப்பார்.

ஆங்கிலத்தில் மட்டும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றால், பழகிவிட்டார்கள், அவ்வளவுதான். வானொலியிலும் தொலைபேசியிலும் காதில் விழுந்த கரகரப்பின் பெயர் பின்னால் படத்துக்கும் ஒட்டிக்கொண்டது. சீனர்கள் படத்துக்கென்று 'இரைச்சற்புள்ளி' என்ற பொருளில் தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். நாமும் பிரித்துக்கொண்டால் தப்பில்லை.

> 'ஒளியிரைச்சல்' என்றால் குழப்பம் தீருமே?

எழுத்தில் தீரும். பேச்சில் ஒலியும் ஒளியும் பலர் வாயில் ஒன்றாகிவிடுகின்றன. பயிற்சி வகுப்பில் இதை உச்சரித்துப் பாருங்கள், தெரியும். அதோடு, ஒளி போதாமல் வருகிற கோளாறுக்கு ஒளியின் பெயரையே வைப்பதும் எனக்கு உறுத்துகிறது.

> 'படமாசு' எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் அதைப் படித்தவர் முதலில் துணியை எடுத்து லென்ஸைத் துடைக்கப் போவார்!

சரி, சொல்லுக்குப் போகுமுன் பொருளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நாய்ஸ் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு கோளாறுகளைப் போட்டு வைத்திருக்கிறோம். மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, ஃபிரேமுக்கு ஃபிரேம் (காணொளியின் ஒவ்வொரு தனிப் படத்திலும்) இடம் மாறித் துடிக்கும் துகள்கள். ஒளி சீராக வருவதுபோல் தெரிந்தாலும் போட்டான்கள், அதாவது ஒளித் துகள்கள், சீராக விழுவதில்லை. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 போட்டான் விழுந்தால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100, அதாவது 1 விழுக்காடு; கண்ணுக்குத் தெரியாது. இருட்டு மூலையில் 100 போட்டான்தான் விழுகிறது என்றால் ஏற்ற இறக்கம் 10. அது 10 விழுக்காடு! வெளிச்சமான முகம் சுத்தமாக இருக்க, பின்னால் இருக்கும் கறுப்புத் திரை மட்டும் கொதிப்பது இதனால்தான். சென்சாரை (ஒளியை வாங்கும் சில்லை) படிக்கும் மின்சுற்று தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். கெயினை, அதாவது குறிகையின் பெருக்கத்தை, 18 டெசிபெல் ஏற்றினால் எல்லாமே எட்டு மடங்காகும். புதிதாக ஒரு துளி ஒளியும் உள்ளே வராது. மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்தில் இது இன்னும் மோசம். அந்த ஒளியில் நீலம் குறைவு, வெள்ளைச் சமநிலைக்காக (வெள்ளை வெள்ளையாகத் தெரிவதற்காக) நீலத்தைக் கேமரா மட்டுமீறிப் பெருக்கும். நிழலில் நீலத் துகள்கள் பறப்பதன் காரணம் அதுதான்.

இரண்டாவது, அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் புள்ளிகள், கோடுகள். இவை சென்சாரின் சொந்தச் சொத்து. கேமரா சூடாகச் சூடாகக் கூடும்.

மூன்றாவது, சதுரம் சதுரமாக உடைவது. இது சுருக்கத்தின் வேலை. பிட்ரேட் (ஒரு நொடிக் காணொளிக்குச் செலவிடும் தரவின் அளவு) குறைவாக இருந்தால் முதலில் பறிபோவது இருட்டுப் பகுதியின் நுணுக்கம்தான். முதல் கோளாறு இருந்தால் இதுவும் கூடும், ஏனென்றால் துடிக்கும் துகள்களைப் பதிவு செய்தே பிட்கள் தீர்ந்துவிடுகின்றன.

பிரித்தறிய வழி இருக்கிறது. சந்தேகப்படும் காட்சியைத் தொகுப்பியில் திறந்து, நிழலை ஏற்றி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். துகள் இடம் மாறினால் முதல் வகை, மாறாவிட்டால் இரண்டாவது, ஓரங்கள் நேர்கோடாகக் கட்டம் தெரிந்தால் மூன்றாவது. லென்ஸ் மூடியைப் போட்டு அதே கெயினில் கொஞ்ச நேரம் பதிவு செய்தும் பார்க்கலாம். அப்போதும் தெரிவது கேமராவுடையது. ஒளிப் பற்றாக்குறையின் பங்கு அதில் இருக்காது.

மருந்தும் அப்படியே பிரியும். முதல் வகைக்கு விளக்கு போடுவதே வைத்தியம். முடியாவிட்டால் லென்ஸின் துவாரத்தை எஃப் 4-இலிருந்து 2.8-க்குத் திறந்தால் ஒளி இரட்டிப்பாகும். ஷட்டர் வேகத்தை 1/100 நொடியிலிருந்து 1/50 நொடிக்கு இறக்கினாலும் அதே. தானியங்கிக் கெயினை அணைத்துவிடுவது நல்லது. எடுத்து முடித்த காட்சி என்றால் பல ஃபிரேம்களைச் சராசரி எடுக்கும் நீக்கி உதவும்: அசையாத காட்சியில் நான்கு ஃபிரேம்களைச் சேர்த்தால் துகள் பாதியாகும். அதே நீக்கி இரண்டாம் வகையிடம் பலிக்காது. எல்லா ஃபிரேமிலும் ஒரே இடத்தில் நிற்பதைச் சராசரி எடுத்தால் அதுவேதான் மிஞ்சும். அங்கே மூடியைப் போட்டுக் கறுப்புச் சமன் (இருட்டிலும் தெரியும் புள்ளிகளைக் கேமராவே கழித்துக்கொள்வது) செய்ய வேண்டும், அந்த வசதி உள்ள கேமராவில். மூன்றாவதற்குப் பிட்ரேட்டைக் கூட்டிப் பதிவு செய்வதுதான்.

ஆகவே மூன்றுக்கும் தனிப் பெயர் வேண்டும். துடிக்கும் துகளுக்கு என் முன்மொழிவு: நொய். நொய்யரிசி, நொய்க்கஞ்சி எல்லாம் வழக்கில் இருப்பதால் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆங்கில ஒலியோடு ஒத்துப்போவது தற்செயல்தான், ஆனாலும் ஸ்டூடியோக்காரர்கள் வாயில் எளிதாக நுழையும். நொய்நீக்கி, நொய்யளவு, நொய் கூடுகிறது என்று வளைத்துப் பார்த்தேன், எங்கும் முரண்டு பிடிக்கவில்லை.

> இளைஞர்களுக்கு 'குருணை'தான் தெரியும்.

தெரியும். ஆனால் ஃபிலிம் கிரெயினுக்கு (படச்சுருளில் தெரியும் மணிமணியான தோற்றத்துக்கு) அதைக் கேட்டு ஏற்கெனவே ஒரு மடல் வந்திருக்கிறது. வேண்டுமென்றே சேர்த்துக்கொள்கிற அழகுக்குக் குருணை, வேண்டாமல் வருவதற்கு நொய் என்று வைத்தால் இரண்டும் மோதாது.

அசையாததற்கு 'நிலைப்புள்ளி', சுருக்கத்தால் வருவதற்குக் 'கட்டமுடைவு' என்று எழுதியிருக்கிறேன். கட்டமுடைவில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. மேலானது இருந்தால் மாற்றிவிடலாம்.

'பேண்டிங்' இன்னும் பாக்கி. வானத்தில் படிப்படியாகத் தெரியும் நிறத்தட்டையும், சென்சார் போடும் குறுக்குக் கோட்டையும் ஆங்கிலத்தில் அந்த ஒரே பெயரால் சொல்கிறார்கள். முன்னதற்குப் 'படிவரி' போதுமா? யாராவது சொல்லுங்கள், அந்தப் பக்கம் மட்டும் நிற்கிறது.