கோத்தகிரி பக்கம் வீட்டு அனுமதி: ஒரே ஃபைல் எத்தனை மேசை சுற்ற வேண்டும்?

தேயிலைமேடு:
வணக்கம். ஹாக்கா (மலையிடப் பாதுகாப்புக் குழுமம்) பட்டியலில் உள்ள கிராமத்தில் வீடு கட்ட வனத்துறை, வேளாண்மைப் பொறியியல், கனிமவளம் என்று தனித்தனியாகத் தடையின்மைச் சான்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் அதே பட்டா, அதே வரைபடம், ஆனால் தனித்தனி கள ஆய்வு. மலைக்கான பாதுகாப்பை விட்டுக்கொடுக்காமல் இந்தச் சுற்றலை எப்படிக் குறைக்கலாம்?

புலப்படம்:
முதலில் உங்கள் கையில் இருப்பதைச் சரி செய்யுங்கள். ஃபைல் திரும்புவது பெரும்பாலும் சர்வே எண்ணில்தான். பத்திரத்தில் 214/2 என்றும், உட்பிரிவு ஆன பிறகு பட்டாவில் 214/2பி என்றும் இருந்தால் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். பத்திரம், பட்டா, புலப்படம் (நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் சர்வே படம்), கட்டட வரைபடம் நான்கையும் ஒன்றாக விரித்து எண்ணையும் எல்லையையும் ஒத்துப் பாருங்கள். பரப்பிலும் கவனம் வேண்டும்: 5 சென்ட் என்றால் சுமார் 2.02 ஏர் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்), பட்டாவில் 2.00 என்று இருக்கலாம். வரைபடத்தில் பட்டாவை மிஞ்சிப் போட்டால் அங்கேயே நிற்கும். சரிவு, மண் வெட்டும் ஆழம், தடுப்புச் சுவர், மழைநீர் போகும் வழி நான்கும் வரைபடத்திலேயே தெரியட்டும். இவை இல்லாவிட்டால் கனிமவளத்துறையிலிருந்து கேள்விக் கடிதம் வரும்.

கேத்திச்சரிவு:
ஆய்வே வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. 2009 நவம்பர் நிலச்சரிவு நம் மலையில் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. குறைக்க வேண்டியது ஒரே ஆய்வு திரும்பத் திரும்ப நடப்பதை. எல்லாத் துறையும் ஒரே நாளில் கூட்டுக் கள ஆய்வுக்கு வரட்டும். குறைகளை ஒரே கடிதத்தில் எழுதட்டும். ஒன்றைச் சரி செய்து கொடுத்ததும் அடுத்ததைக் கேட்பதில்தான் மாதங்கள் கரைகின்றன. கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஆய்வுத் தேதி தள்ளிப்போகும். ஜனவரியிலேயே மனுவைக் கொடுத்துவிடுவது நல்லது.

தேயிலைமேடு:
ஃபைல் யாரிடம் இருக்கிறது என்றே சொல்லாவிட்டால்?

புலப்படம்:
தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். ‘ஏன் தாமதம்’ என்று கேட்டால் மழுப்பலாகத்தான் பதில் வரும். மனு எண், தேதியைக் குறிப்பிட்டு, ஃபைல் எந்த அலுவலரின் மேசையில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது என்று கேளுங்கள், ஃபைலில் அவர்கள் எழுதிய குறிப்புத் தாள்களின் நகலும் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அதன்பின் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் கொடுக்கும் மனுவிலும் அந்தத் தேதிகளையே எழுதுங்கள்.