ஆட்கடத்தலுக்கு ஆயத்தமாகச் செய்த குற்றம்: 10 வருஷம் போதுமா?

லூட்டன்வாசி:
இங்கிலாந்தின் 2015 நவீன அடிமைமுறைச் சட்டம் பற்றி ஒரு கேள்வி. 2ஆம் பிரிவில் ஆட்கடத்தலுக்கு (சுரண்டுவதற்காக ஒருவரின் பயணத்தை ஏற்பாடு செய்வதற்கு) ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். ஆனால் அதைச் செய்யும் நோக்கத்தோடு வேறொரு குற்றம் செய்தவனுக்கு, அதாவது 4ஆம் பிரிவில், உச்சம் 10 வருஷம்தான். வேன் திருடி, போலிக் கடவுச்சீட்டுகள் சேர்த்து எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தவன் கடைசி நேரத்தில் பிடிபட்டால் அவ்வளவுதானா? மொழிபெயர்ப்பாளராக இப்படி ஏமாற்றி அழைத்து வரப்பட்டவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

கீரிமலையான்:
அண்ணா, வேன் திருட்டை மட்டும் பாருங்கள். 1968 திருட்டுச் சட்டப்படி உச்சம் 7 வருஷம், 4ஆம் பிரிவில் அதே திருட்டுக்கு 10 ஆகிறது. போலிக் கடவுச்சீட்டை ஏமாற்றும் நோக்கத்தோடு வைத்திருந்தால் 2010 அடையாள ஆவணச் சட்டத்திலேயே 10 இருப்பதால் அங்கே எண் ஏறாது. ஆனாலும் 4ஆம் பிரிவில் தண்டனை பெற்றவன் மேல், மறுபடி இதில் இறங்காமல் தடுக்கும் உத்தரவு போடலாம், அதில் விதிக்கும் தடைகள் குறைந்தது 5 வருஷம் நிற்கும். அப்புறம் ஒன்று, ஆளைத் தூக்கிக்கொண்டு போனாலோ அடைத்து வைத்தாலோ 4ஆம் பிரிவிலும் ஆயுள் வரை போகலாம்.

செம்பருத்தி:
நான் சட்டம் படித்தவள். இந்தப் பிரிவு ஏன் தேவை என்றால், 1981 குற்ற முயற்சிச் சட்டப்படி 'முயற்சி' என்று வழக்குப் போட வெறும் ஆயத்தம் போதாது, அதைத் தாண்டி ஒரு செயல் நடந்திருக்க வேண்டும். தனியாளாக வேன் திருடி நிறுத்தியவன் அதற்குள் வரமாட்டான், அந்த ஓட்டையைத்தான் 4ஆம் பிரிவு அடைக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து திட்டம் போட்டிருந்தால் கூட்டுச்சதி, அதற்கு ஆயுள் வரை உண்டு. பயணத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கியிருந்தால் பெரும்பாலும் 2ஆம் பிரிவே பொருந்தும், வர ஒருவர் சம்மதித்தார் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

லூட்டன்வாசி:
சரி, இப்போது விளங்குகிறது. அப்படியென்றால் சிக்கல் நோக்கத்தை நிரூபிப்பதில்தானே?

செம்பருத்தி:
ஆமாம் அண்ணா. வேனும் கடவுச்சீட்டும் மட்டும் கையில் கிடைத்தால் அரசுத் தரப்புக்குக் கஷ்டம்தான். தொலைபேசிச் செய்திகள், பயணச்சீட்டுப் பதிவு, யாரிடம் எவ்வளவு பணம் வாங்கினான் என்ற கணக்கு, இவற்றை எல்லாம் சேர்த்துக் காட்ட வேண்டும். அதனால் ஏமாற்றி அழைத்து வரப்பட்டவர்களிடம் பேசும்போது, முதலில் யார் அழைத்தது, என்ன வேலை என்று சொன்னார்கள், கடவுச்சீட்டை யார் வாங்கி வைத்தது என்று அவர்கள் சொல்வதில் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்துக் கொடுங்கள்.