பிக்கப் நொக்கிங் சத்தம்: புதுப்பிப்பு
முந்திக் கேட்டனான் எல்லோ, பழைய டீசல் பிக்கப் டக் டக்கெண்டு அடிக்குது, பெயரிங் போட்டுதோ எண்டு. பெயரிங் இல்லை, இஞ்செக்டர் (சிலிண்டருக்குள்ள டீசலை அடிக்கிற சாமான்). சத்தம் நிண்டிட்டுது!

கோண்டாவில்ல ஒரு கராஜ் அண்ணை முதல்ல ஒயிலை இறக்கிப் பாத்தார், பெயரிங் தேஞ்சா வாற உலோகத் தூள் ஒண்டும் இல்லை, ஒயில் பிரஷரும் சரி. பிறகு எஞ்சின் ஓடேக்கையே ஒவ்வொரு இஞ்செக்டர் பைப் நட்டா லேசா இளக்கிக்கொண்டு வந்தார் (இளக்கினா அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது), மூண்டாவதை இளக்கின உடன சத்தம் அப்பிடியே நிண்டிட்டுது, பெயரிங் எண்டா அனேகமா குறையுமே தவிர முழுசா நிக்காதாம். கழட்டி ரெஸ்ட் பண்ணினா நொசில் (இஞ்செக்டர் நுனி) டீசலைப் புகையா அடிக்காமல் சொட்டுது, அந்த டீசல் தேங்கி ஒரேயடியா எரியிறதுதான் அந்த அடி.

நாலு நொசிலும் புதுசு, பிரஷர் செற் பண்ணி, செப்பு வொஷரும் மாத்தினது. பழைய வொஷரைத் திருப்பிப் போட விடாதேங்கோ, கொம்பிரஷன் லீக் ஆகும். இப்ப வெங்காயம் ஏத்திக்கொண்டு கிளிநொச்சி போனாலும் சத்தமே இல்லை, அவ்வளவு சந்தோசம்.

ஒண்டு மட்டும், கொமன் ரெயில் எஞ்சின்ல (கொம்பியூட்டர் கட்டுப்படுத்திற புது டீசல் எஞ்சின்) ஓடேக்க பைப்பை இளக்கவே வேண்டாம், பிரஷர் 1000 பாருக்கு மேலயும் போகும், டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும், அதைச் செக் பண்ண ஸ்கானர்தான்.