மான்கோஸ் ஷேல்: ஷியர் அலை (போகும் திசைக்குக் குறுக்கே அதிரும் அலை) வேகம் இரண்டு பிளக்கிலும் ஒத்துப்போகவில்லை, உதவுங்கள்

கல்லுளி: ஒரே மான்கோஸ் ஷேல் கட்டியிலிருந்து (அமெரிக்காவின் யூட்டா, கொலராடோ பக்கம் வெளியே தெரியும் களிமண் அடுக்குப் பாறை) 50 மி.மீ. நீளத்தில் இரண்டு பிளக் (உருளைத் துண்டு) வெட்டினேன், ஒன்று அடுக்குக்குச் செங்குத்தாக, இன்னொன்று அடுக்கோடு இணையாக. 1 மெகாஹெர்ட்ஸ் ஷியர் டிரான்ஸ்டியூசர் (அலையை அனுப்பி வாங்கும் கருவி), ஒட்டுவதற்குத் தேன். இணை பிளக்கில் அதிர்வு அடுக்கோடு போகும்போது 2740 மீ/வி, அடுக்குக்குக் குறுக்கே 2510. செங்குத்து பிளக்கில் 2290. கடைசி இரண்டும் சி44 (அடுக்குக்குக் குறுக்கான ஷியர் விறைப்பு எண்) தருபவைதானே, ஒன்றாக வர வேண்டாமா? 2510-ஐ வைத்தால் தாம்சன் காமா (ஷியர் வேகம் திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) 0.10, 2290-ஐ வைத்தால் 0.22. எதை எழுதுவது?

அலைவரிசை: முதலில் டிரான்ஸ்டியூசர் தாமதம், அதாவது கருவிக்குள்ளேயே ஆகும் நேரம். இரண்டையும் பிளக் இல்லாமல் நேருக்கு நேர் ஒட்டி அளந்து கழித்தீர்களா? உங்கள் இரண்டு எண்ணுக்கும் நடுவே நேர வித்தியாசம் 2 மைக்ரோவிநாடிகூட இல்லை.

கல்லுளி: கழித்துவிட்டேன், தினமும் அளக்கிறேன்.

நிலநடுக்கு: அப்படியென்றால் எனக்கு அந்த 2510 மேல்தான் சந்தேகம். டிரான்ஸ்டியூசர் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் வேகமான அலை கசிந்து முன்னால் வந்து நிற்கும், நீங்கள் அந்தச் சின்ன எழுச்சியையே முதல் வருகை என்று குறித்துவிடுவீர்கள். அனுப்பும் பக்கத்தையும் வாங்கும் பக்கத்தையும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் வைத்து, பிளக்கை மட்டும் மெல்லச் சுற்றிப் பாருங்கள், சிக்னல் அடங்கும் இடம்தான் உண்மையான அடுக்குத் திசை, கண்ணால் பார்த்துப் போட்ட பென்சில் கோட்டை நம்பாதீர்கள்.

கல்லுளி: நன்றி அண்ணா, கோடு 15 டிகிரி போல விலகியிருந்தது! சரிசெய்ததும் 2400. ஆனால் 2290 இன்னும் எட்டவில்லையே.

நிலநடுக்கு: எட்டாமலும் போகலாம். மான்கோஸில் வண்டல் கீற்றுகள் மி.மீ. கணக்கில் தடிமன், உங்கள் அலைநீளமோ சுமார் 2.5 மி.மீ. இணை பிளக்கில் அலை வேகமான கீற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடிவிடும், செங்குத்தில் எல்லா அடுக்கையும் கடந்தே தீர வேண்டும். அப்புறம், பாறை காய்ந்தால் அடுக்கோரமாக விரிசல் விடும், செங்குத்து பிளக்கில் அது கூடுதலாக இருந்தால் வேகம் அங்கே இறங்கும். சுற்றழுத்தம் ஏற்றிப் பாருங்கள், 2290 மட்டும் சரசரவென்று ஏறினால் காரணம் விரிசல், இரண்டும் சேர்ந்தே ஏறி இடைவெளி அப்படியே நின்றால் கீற்று. அதுவரை ஒரே பிளக்கின் 2740, 2400 வைத்து 0.15 என்று எழுதி, செங்குத்து எண்ணையும் பக்கத்தில் போடுங்கள்.